வகுப்பைப் பார்க்கப் போகும் உபாத்தியாயர்கள்

(தஞ்சை ஜில்லாவில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் ஊராரும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், உபாத்தியாயர் வேலைக்குப் படிக்கிற நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்களே, அதைப் பற்றியதாகும். இது ஒரு பெரிய விஷயமா, இதற்கு ஒரு கூட்டமா என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நினைக்கக்கூடும். புராணத்தைப் பற்றிப் பேசினால் கேட்க ருசியாயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பிள்ளை கெட்டிக்காரன், உங்கள் பிள்ளை மண்டு என்று முதன்முதல் தீர்ப்புச் சொல்லுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஜோசியன் சொன்னால் நம்பாமல் இருந்துவிடலாம். ஒன்றாம் வகுப்பு வாத்தியார் சொல்லிவிட்டால் பெற்ற தாயே நம்பிவிடுகிறாள், பிள்ளையும் நம்பிவிடுகிறான். அதற்குமேல் அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் எதைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்று நாம் கேட்கக்கூடாதா?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் வகுத்த விதிகளின்படி, இரண்டு வருஷப் பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிக்கூடத்துப் பயிற்சிக்கு என்று ஒதுக்கப்பட்டது. முதல் வருஷம் 4 வாரம், இரண்டாம் வருஷம் 16 வாரம். அதில் தொடக்கத்தில் ஒரு வாரம் பாடம் நடத்தவே கூடாது. நடத்துகிற உபாத்தியாயரையும் வகுப்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருபதில் ஒரு வாரம் என்பது கொஞ்சம்தான். ஆனாலும் நல்ல ஏற்பாடு என்றே சொல்லுவேன். எந்தச் சாஸ்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டு வா என்று சர்க்காரே சொல்லுவது நம் நாட்டில் சாதாரண விஷயமல்ல.

காரியத்தில் என்ன நடக்கிறது? உற்றுநோக்கல் பதிவேடு என்று ஒன்று. தனியாள் ஆய்வு என்று ஒன்று. பாடக்குறிப்பு என்று ஒரு கட்டு. போன வருஷத்து அண்ணன் எழுதியதை இந்த வருஷத்துத் தம்பி எடுத்து எழுதுகிறான். எழுதச் சோம்பலாயிருந்தால் கூலிக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. புரோகிதன் திதி மந்திரத்தில் பெயரையும் கோத்திரத்தையும் மட்டும் மாற்றிச் சொல்லுவதுபோல, இங்கே பள்ளிக்கூடத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிவிட்டால் வேலை தீர்ந்தது. நான் பார்த்த பதிவேடு ஒன்றில், "மாணவன் கவனக்குறைவு உள்ளவன், தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், ஆலோசனை வழங்கப்பட்டது, முன்னேற்றம் காணப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுதிய பிள்ளை அந்தப் பையனுடைய தெருப் பக்கம் போனதில்லை. அவன் தகப்பனார் குடிக்கிறாரா, இருக்கிறாரா, செத்துப் போனாரா என்பதும் தெரியாது. திதி மந்திரத்தினால் செத்தவருக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. இந்த மந்திரம் உயிரோடிருக்கிற பிள்ளையின் தலையில் விழுகிறது.

நிற்க, வகுப்பைப் பார்ப்பதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே ஒரு சேதி இருக்கிறது. 1789-ல் சென்னை எழும்பூரில் சோல்ஜர்களின் ஆண் பிள்ளைகளுக்கென்று கம்பெனியார் வைத்த அநாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மேற்பார்வையாளராக வந்தார். ஒரு நாள் காலை அவர் குதிரைமேல் போகும்போது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டார். பலகையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பார்த்தவர் நேரே விடுதிக்கு வந்து, கீழ் வகுப்பு உபாத்தியாயரைக் கூப்பிட்டு, இப்படிச் சொல்லிக் கொடுங்கள் என்றார். உபாத்தியாயர் அது நடவாத காரியம் என்று சொல்லிவிட்டார். பழக்கமில்லாததெல்லாம் நடவாத காரியம் என்பது உபாத்தியாயர் குலத்துக்கே பொதுவான ஒரு வியாதிதானே! பெல் என்ன செய்தார்? ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைப் பையன் செய்து காட்டினான். பெல் 1796-ல் சீமைக்குத் திரும்பி, மறு வருஷம் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்களில் இது "மதராஸ் முறை" என்ற பெயரால் நடந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் அவருடைய பணத்தினால் ஏற்பட்ட பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை இது.

இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா நம் பழைய முறையின் பெருமையை என்று யாராவது மார் தட்ட வேண்டியதில்லை. பெல் கண்டது மணலையும், விரலையும், செலவில்லாமல் நடக்கிற சூட்சுமத்தையும்தான். அந்த மணலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யார், உட்கார விடப்படாதவர்கள் யார் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பார்க்கிறவன் எதைத் தேடிப் போகிறானோ அதுதான் அவன் கண்ணில் படும்.

அந்தக் கேள்வியைக் காகிதத்தில் கேட்டவர் கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-ல் அவர் ஒவ்வொரு கலெக்டரையும் ஜில்லாவிலுள்ள பள்ளிக்கூடங்களை எண்ணி அனுப்பச் சொன்னார். தஞ்சாவூர் கணக்கில் 884 பள்ளிக்கூடங்களும், 109 மேற்படிப்புச் சாலைகளும் அவற்றில் 769 மாணவர்களும் வந்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அனுப்பிய படிவம். பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற ஜாதியார், முஸ்லிம்கள் என்று தனித்தனிக் கட்டம். ஒவ்வொன்றிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணிக்கை. வெள்ளைக்காரக் கலெக்டர் தாசில்தாரைக் கொண்டு எண்ணியதை, இன்று எம்.ஏ., பி.எட். படிக்கிற நம் பிள்ளைகள் ஒரு வாரம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் எண்ணுவதில்லை. அதே மன்றோ 1826-ல் எழுதிய குறிப்பில், உபாத்தியாயருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்குமேல் வருவதில்லை, இந்த வரும்படிக்குத் தகுதியுள்ளவன் எவன் வருவான் என்று கேட்டு, உபாத்தியாயர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் சொன்னார். சர்க்கார் போதனாமுறைப் பள்ளி சென்னையில் நிலைத்தது 1856-ல்தான். சைதாப்பேட்டையில் இன்று இருக்கும் ஆசிரியர் கல்லூரியின் மூலம் அதுவே.

தோழர்களே! வகுப்பு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்து வகுப்பு. மற்றொன்று, 1928-ல் வந்த வகுப்புவாரி உத்தரவில் வருகிற வகுப்பு, அதாவது பிறவியினால் ஒட்டிக்கொண்டது. பயிற்சி மாணவர் பார்க்க வேண்டியது இதுதான்: பள்ளிக்கூடத்து வகுப்புக்குள்ளே அந்த மற்ற வகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறதா, இல்லையா?

அதைப் பார்ப்பதற்கு முதலில் உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும். பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு உபாத்தியாயர் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள். அங்கே உட்கார்ந்தால் முதல் வரிசை மட்டும் தெரியும். பின்னால் போய்ப் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஒரு காகிதத்தில் வகுப்பறையைப் படமாகக் கோடு போட்டு, எந்த இடத்தில் எந்தப் பிள்ளை என்று குறித்துக்கொள்ளுங்கள். உபாத்தியாயர் ஒரு கேள்வி கேட்டால் யாரைக் கேட்டாரோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டாரா, "டேய்" என்று கூப்பிட்டாரா என்பதையும் குறியுங்கள். நாலு நாள் போனால் காகிதத்தில் சில இடம் புள்ளி மயமாகவும், சில இடம் வெறுமையாகவும் இருக்கும். அந்த வெறுமையான இடத்துப் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று அதற்குப் பிறகு விசாரியுங்கள். முன்னதாக விசாரித்தால் உங்கள் கண்ணே உங்களை ஏமாற்றும்.

கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் இதைக் கடிகாரம் வைத்து அளந்தார். சாதாரணமாக உபாத்தியாயர் கேள்வி கேட்டு ஒரு செகண்டுதான் காத்திருக்கிறார். உடனே தானே பதில் சொல்லிவிடுகிறார், அல்லது அடுத்தவனைக் கேட்டுவிடுகிறார். மூன்று செகண்டு காத்திருந்தால், அதுவரை வாய் திறவாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று செகண்டு! ஒரு தடவை மூச்சு விடுகிற நேரம். வீட்டில் எழுத்து வாசனை இல்லாத பிள்ளைக்குக் கேள்வியின் பாஷையே புதிது. அவன் அதை மனத்துக்குள் தன் பேச்சாக மாற்றிப் பதில் தேடுவதற்குள், வீட்டில் டியூஷன் வைத்திருக்கிற பையன் கையைத் தூக்கிவிடுகிறான். உடனே இவன் மந்தபுத்தி, அவன் கூர்மையான புத்தி என்று ஆகிவிடுகிறது. தலையெழுத்து என்பது இதுதான் போலும். எழுதுகிறவன் பிரம்மாவல்ல, மூன்று செகண்டு பொறுக்காத உபாத்தியாயர்.

பாட நேரம் மட்டும் பார்த்தால் போதாது. வகுப்பறையைப் பெருக்குவது யார், குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது யார், கக்கூசைக் கழுவச் சொன்னால் எந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறார்கள், ஹெட்மாஸ்டருக்கு டீ வாங்கிவரப் போகிறவன் யார், அவன் கை பட்ட டம்ளரில் அவர் குடிக்கிறாரா என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம். இந்தப் பாடத்தைத்தான் பிள்ளைகள் மறக்காமல் படிக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் வரிசையைப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25-ந் தேதி நம் பக்கத்துத் திருக்குவளையில் வைத்து எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த மாதமே கரூர் ஜில்லாவில் ஆதிதிராவிடப் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் சாப்பிடக்கூடாதென்று சில பெற்றோர் தடுத்து, கலெக்டரே போக வேண்டியதாயிற்று. அதே ஆகஸ்டில்தான் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சக மாணவன் வீட்டுக்குள் அரிவாளோடு போய் அவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி ஏற்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற கலர்க் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவைகளைத் தடுக்க வேண்டும் என்றது. அந்தக் கயிறுகள் ஒரே நாளிலா முளைத்தன? எத்தனை உபாத்தியாயர்கள், எத்தனை பயிற்சி மாணவர்கள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் எழுதியிருப்பார்கள்?

பார்த்தும் பாராமலிருப்பதினால் என்ன வரும் என்பதை நம் ஜில்லாவுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் நடந்த இடத்தில், சமையற்கட்டு நெருப்பு கீற்றுக் கூரையில் பிடித்து 94 குழந்தைகள் செத்தார்கள். 2014 ஜூலையில் தஞ்சாவூர்க் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. பத்துப் பேர் குற்றவாளிகள், பதினோரு பேர் விடுதலை. கூண்டில் நின்றவர்களில் கல்வி இலாகா உத்தியோகஸ்தர்களும் உண்டு. கீற்றுக் கூரை ஒளித்து வைக்கக்கூடிய பொருளல்ல. அந்தக் கட்டிடத்துக்குள் காலடி வைத்த எவருக்கும் தெரிந்த பொருள். பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லுகிறேன்: நீங்கள் போகிற பள்ளிக்கூடத்தில் அடுப்பு எங்கே, வாசல் எத்தனை, மாடிப்படி எவ்வளவு அகலம், கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா என்பதை முதல் நாளே எழுதுங்கள். இதற்கு உங்கள் பதிவேட்டில் பக்கம் இல்லையென்றால் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டான் லார்ட்டி என்ற அமெரிக்கர் 1975-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார்: உபாத்தியாயர் வேலைக்கு வருகிறவன் வேறெந்தத் தொழிலுக்கும் இல்லாத விதமாக, தான் படித்த காலத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்தத் தொழிலை எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறான். ஆனால் மாணவன் பெஞ்சியிலிருந்து பார்த்தான். உபாத்தியாயர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அவனுக்குத் தெரியாது. ஆகையால் தன் வாத்தியார் செய்ததையே தானும் செய்கிறான். இதை நாம் தினம் பார்க்கிறோம். குழந்தைகளை அடிக்கக்கூடாதென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லியும், பிரம்பு அலமாரிக்குள் இருக்கிறதே ஒழிய வீட்டைவிட்டுப் போகவில்லை. "எங்க வாத்தியார் அடிச்சதாலதான் நான் இன்னிக்கு மனுஷனா இருக்கேன்" என்று சொல்லுகிற உபாத்தியாயர் எத்தனை பேர்! அடி பொறுக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவன் அந்தக் கதையைச் சொல்ல மேடைக்கு வருவதில்லை. பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், நானும் செய்கிறேன் என்று சடங்கு செய்கிறவனைக் கேலி செய்கிற நாம், அதே நியாயத்தைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளலாமா?

அன்றியும், பயிற்சிக் கல்லூரியில் கற்பிப்பது ஒரு வகுப்பு, ஒரு உபாத்தியாயர், நாற்பத்தைந்து நிமிஷம் என்ற கணக்கு. நம் பக்கத்து ஊராட்சிப் பள்ளிக்கூடங்களிலோ ஐந்து வகுப்புக்கும் இரண்டு உபாத்தியாயர். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்று சட்டமே சொல்லுகிறது. அதில் ஒருவர் மீட்டிங்குக்குப் போய்விட்டால் மீதி ஒருவர். அந்த ஒருவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து "அ" எழுதவைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்பை வாசிக்கச் சொல்லிக் காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நடத்துகிற வித்தையை எந்தப் புத்தகத்தில் படிக்க முடியும்? அங்கே போய்ப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் பயிற்சி மாணவர்கள் பஸ் வசதி என்றும் பெரிய கட்டிடம் என்றும் டவுன் பள்ளிக்கூடங்களையே கேட்டு வாங்குகிறார்கள். வேலை கிடைத்துக் கிராமத்துக்குப் போகிற அன்றுதான் இந்த வித்தையை முதன்முதல் காண்கிறார்கள்.

கிராமத்துக்கு வந்தவர்கள் நாலு மணி மணி அடித்ததும் பஸ் ஏறிவிடாமல், வாரத்தில் ஒரு நாளாவது வராத பிள்ளையின் தெருவுக்குப் போக வேண்டும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் விட்டால் குறுவை நடவும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒரே சமயம். தாய் நடவுக்குப் போனால் கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்ளுவது? எட்டு வயது அக்காள். தையில் சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, மூட்டை போடுகிற வரை இராத்திரி பகலாகக் காவல் கிடக்கிறான் தகப்பன். சோறு கொண்டுபோகிறவன் மகன். ஆஜர் பட்டியலில் இவையெல்லாம் ஒரே மாதிரி "வரவில்லை" என்றுதான் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வீடும் பிழைப்பும் போனபின், ஆட்டுக் கிடைக்குக் கடனுக்காக விடப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்டதாகப் பத்திரிகையில் படித்தோம். அந்தப் பிள்ளைகளும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆஜர் பட்டியலில் இருந்திருக்க வேண்டியவர்கள்தானே! பட்டியலில் பேர் ஒழிந்த இடத்தைப் பார்த்து, அவன் எங்கே என்று கேட்க ஒருவர் வேண்டும். வேலைக்கு இன்னும் வராத, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லாத பயிற்சி மாணவரைவிட அதற்குத் தகுந்தவர் யார்?

இனி, பயிற்சிக்கு இடம் கொடுக்கிற பள்ளிக்கூடத்தாருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிப் பிள்ளைகள் வந்ததும், ஆள் குறைந்த வகுப்பில் தள்ளிவிட்டு, நோட்டுத் திருத்துவதற்கும் ரிஜிஸ்டர் எழுதுவதற்கும் சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொள்ளுவது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. உபாத்தியாயர் பற்றாக்குறைக்குச் சர்க்காரைக் கேட்க வேண்டுமே ஒழிய, கற்றுக்கொள்ள வந்த பிள்ளையைக் கொண்டு ஓட்டையை அடைக்கக்கூடாது. பார்ப்பதற்கு என்று ஒதுக்கிய அந்த ஒரு வாரத்தையாவது அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அவர்கள் பின்னால் உட்கார்ந்து புள்ளி வைத்தால் கோபப்படாதீர்கள். வாரக் கடைசியில் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் நீங்கள் கூப்பிடாத பிள்ளை யார் என்பது உங்களுக்கே தெரிந்திராது.

பயிற்சி மாணவர்களில் பெரும்பாலார் பெண்கள். தூரத்து ஊரிலிருந்து வருகிறவர்கள் தெருவுக்குள் வந்து விசாரிக்க வேண்டுமானால் ஊரார் தயவு வேண்டும். நேரம் கழித்து பஸ் ஏற வேண்டியிருந்தால் தாய்மார்களில் யாராவது கூடப் போய் ஏற்றிவிடுங்கள். வந்தவள் என்ன ஜாதி என்று விசாரித்துவிட்டுத் திண்ணையைக் காட்டாதீர்கள். குடியானத் தெருக்காரர்கள் காலனித் தெருவுக்குப் போகவேண்டாமென்று அவளைத் தடுக்கவும் கூடாது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். வகுப்பறைப் படம் போடுவது எப்படி என்று காட்டக் காகிதமும் பென்சிலும் மேஜைமேல் வைத்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து போட்டுப் பார்க்கலாம். நான் சொன்னதில் ஒப்புக்கொள்ள முடியாதது எது என்று உபாத்தியாயர்கள் யாராவது எழுந்து சொன்னால் தலைவர் அவர்கள் அனுமதிப்பார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது.